கதவு பூட்டுகிற மாதிரி ஓர் அறை

தொடக்கப்பள்ளியில் தமிழ் வகுப்புக்கு மட்டும் நாங்கள் வேறொரு அறைக்குப் போவோம். மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்தச் சின்ன அறையில் மின்விசிறிச் சத்தம் அதிகம். ஒருநாள் ஆசிரியை, பெரியவர்களானதும் என்ன ஆக ஆசை என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். டாக்டர், போலீஸ், டாக்டர், விமானப் பணிப்பெண், மறுபடியும் டாக்டர். என் முறை வந்தது.

"எனக்கு ஒரு ரூம் வேணும் டீச்சர். கதவு பூட்டுற மாதிரி."

பின்வரிசைப் பையன் ஒருவன் உடனே, "டீச்சர், இவ ஜெயிலுக்குப் போகப் போறா!" என்றான். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு, "வேலையச் சொல்லும்மா. ரூமெல்லாம் தானா வரும்" என்றார். நான் டாக்டர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அன்று டாக்டர் என்று சொன்னவர்களில் ஒருவரும் டாக்டராகவில்லை. அவர்களில் சிலரை இன்றும் ரயிலில் பார்க்கிறேன்; யாரும் அதை நினைத்து வருந்துவதாகத் தெரியவில்லை. பெரிய கனவு பலிக்காவிட்டால் சிரித்துக் கடந்துவிடலாம். என்னுடையது சின்னக் கனவு. கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் கோபம் குறையவில்லை.

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்களுடையது மூவறை வீடு. மூவறை என்றால் படுக்கையறை இரண்டு, கூடம் ஒன்று. ஒன்றில் அப்பாவும் அம்மாவும் தம்பியும். இன்னொன்றை வாடகைக்கு விட்டிருந்தார்கள். நான் கூடத்தில். சோபாவுக்குப் பின்னால் மடித்துச் செருகிய மெத்தைதான் என் இடம். கூடத்தில் தூங்குகிறவர் எல்லோரும் தூங்கிய பிறகுதான் தூங்க முடியும், எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட வேண்டும். அப்பா பேருந்துப் பணிமனையில் ஷிப்ட் வேலை பார்த்தார். அவர் சாப்பிட்டு முடித்து, தொலைக்காட்சியை அணைத்து, வாடகைக்கு இருந்தவர்கள் குளித்து முடித்து, கடைசி விளக்கு அணையும் வரை என் படுக்கை பொது இடம்.

தம்பி உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருடம் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தார்கள். அறை தம்பிக்குப் போனது. அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மூத்தவள் நான்தானே, என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். "ஆம்பளப் பிள்ள, படிக்கணும்" என்றார் அம்மா. நானும் படித்துக்கொண்டுதான் இருந்தேன், சாப்பாட்டு மேசையில்.

அம்மாவுக்கு வீட்டுக்குள் கதவைச் சாத்தினாலே பிடிக்காது. "வீட்டுக்குள்ள என்ன கதவு? காத்து வரட்டும்" என்பார். தம்பி சாத்தினால் மட்டும் விதிவிலக்கு. அவன் சாத்தினால் படிக்கிறான். குளியலறையில் நான் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தால் என்ன பண்றே என்று குரல் வரும்.

படித்து முடித்து ஒரு நாளிதழில் துணையாசிரியராகச் சேர்ந்தேன். நிருபர்கள் எழுதி வருவதை வெட்டி, திருத்தி, தலைப்புப் போடுவது என் வேலை. அரசாங்கம் கட்டும் புதிய வீடுகள் விற்பனைக்கு வரும் செய்தி சில மாதங்களுக்கு ஒரு முறை என் மேசைக்கு வரும். எந்த வட்டாரம், எத்தனை வீடு, எந்த ரயில் நிலையம் பக்கம் என்று மேலே இருக்கும். திருமணமாகாதவர்கள் முப்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் விண்ணப்பிக்கலாம் என்ற வரி கடைசிப் பத்தியில் இருக்கும். செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். விளம்பரம் ஒன்று கூடுதலாக வந்துவிட்டால் முதலில் போவது அந்த வரிதான். அதை என் கையாலேயே பல முறை வெட்டியிருக்கிறேன். யாரும் ஏன் வெட்டினாய் என்று கேட்டதில்லை. அந்த வரி தேவைப்பட்டவர்களுக்கு அது மனப்பாடமாகத் தெரியும்.

தம்பி இருபத்தாறு வயதில் திருமணப் பதிவுக்கு நாள் குறித்தான், வீட்டுக்கு விண்ணப்பித்தான், சில வருடங்களில் சாவி வாங்கினான். அதற்குள் அப்பா இறந்துவிட்டார். தம்பியின் அறை மறுபடியும் வாடகைக்குப் போனது, வீட்டுச் செலவுக்கு அது தேவைப்பட்டது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது: கூடத்திலிருந்து அம்மாவின் அறைத் தரைக்கு. அம்மாவுக்குத் தனியாகத் தூங்கப் பயம். கதவு எப்போதும் போல் திறந்தே இருந்தது.

இடையில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துப் போய்விடலாம் என்று முயன்றேன். கிளமெண்டியில் ஓர் அறை, வீட்டு முகவர் தமிழர். தொலைபேசியில் என் ஆங்கிலத்தைக் கேட்டு, இந்தியர் என்று தெரியாமல் வரச் சொல்லியிருந்தார். மின்தூக்கிக்கு வெளியே என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. ஓனர் நம்ம ஆளுங்க வேணாங்கறாரு. சமையல் வாசன, அது இதும்பாரு."

"நான் சமைக்கவே மாட்டேன்."

"அத நான் நம்பறேன். அவரு நம்பணுமே. நான் என்ன பண்றது, எனக்கு கமிஷன் வேணும்லா."

அவரும் நானும் ஒரே மின்தூக்கியில் கீழே இறங்கினோம். அடுத்த வாரம், நம் ஆட்களே வேண்டும் என்கிற இடமாகப் பார்ப்போம் என்று லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். கடைவீட்டின் மேல்மாடியில் அறை, கீழே நகைக்கடை. வீட்டுக்கார அம்மாள் அன்பாகப் பேசினார், காப்பி கொடுத்தார், எந்த ஊர்ப் பூர்வீகம் என்று விசாரித்தார். பிறகு, "குடும்பமா வர்றீங்களா, தனியாவா?" என்றார். தனியாக என்றேன். "தனிப் பொண்ணுக்குக் குடுக்கறதில்லம்மா. நாளைக்கு யாராச்சும் வந்து போனா எனக்குத்தான் கெட்ட பேரு." ஒரு வீட்டுக்கு நான் இந்தியர் என்பதால் ஆகவில்லை, இன்னொரு வீட்டுக்குத் தனியாள் என்பதால் ஆகவில்லை. காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

முப்பத்தைந்து முடிந்த வாரமே விண்ணப்பிக்கத் தொடங்கினேன். இரண்டு முறை குலுக்கலில் பெயர் வரவில்லை. மூன்றாம் முறை வந்தது. கட்டி முடிக்கக் காத்திருந்து, நாற்பதை நெருங்கும்போது சாவி கைக்கு வந்தது. ஈசூனிலேயே, அம்மா வீட்டிலிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம். ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரே ஒரு படுக்கையறை. அறைக் கதவுக்கு அவர்கள் கொடுத்த பூட்டு பிடிக்கவில்லை. கடை கடையாக ஏறி, தனியாகக் கனமான எஃகுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். பொருத்த வந்தவர், "தனியாத்தானே இருக்கப் போறீங்க, உள்பக்கம் எதுக்குத் தாழ்ப்பாளு?" என்றார். போடச் சொன்னேன்.

ஆகவே ஆசிரியை சொன்னது தப்பு. தானாக வரவில்லை.

கிரகப்பிரவேசத்துக்குச் சாமான் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையில் நடக்கவே இடமில்லை. மாவிலை, தேங்காய், ஹோமச் சாமான், பால் காய்ச்ச ஒரு புதுப் பித்தளைப் பானை. பானையை அம்மா தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினார். பிறகு ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அங்கேதான் சொன்னார்.

"ஐயர்கிட்ட பேசிட்டேன். தம்பியும் அவளும் உக்காருவாங்க. பாலு அவ வெப்பா."

"எங்க உக்காருவாங்க?"

"ஹோமத்துல."

"யாரு வீட்டு ஹோமத்துல?"

அம்மா தேயை ஊதினார். "எல்லாத்தையும் பேட்டி எடுக்காத. தம்பதியாத்தான் உக்காரணும். ஊரு உலகத்துல இருக்கிற வழக்கம்."

"அப்ப நீங்க காய்ச்சுங்கம்மா."

கெட்ட வார்த்தை பேசியதைப் போல என்னைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். "நானா? என்ன பேசற நீ?" என்று குரலை இறக்கினார். அப்பா போன பிறகு அம்மா எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நிற்பதில்லை. நலங்கு வைக்கும்போது சமையலறையில் இருப்பார், ஆரத்தி எடுக்கும்போது கழிவறைக்குப் போயிருப்பார். யாரும் அவரைப் போகச் சொல்வதில்லை. சொல்லும் முன்பே போய்விடுவார். எங்கள் வீட்டில் நான் பிறந்த நாள் முதல் தினமும் காலையில் பால் காய்ச்சியவர் அவர்தான். அதற்கு அவர் கை ஆகும். நல்ல நேரம் பார்த்துக் காய்ச்சும் பாலுக்கு மட்டும் ஆகாது.

"என் வீட்டுல பால் நான்தான் காய்ச்சுவேன்" என்றேன்.

"மொதல்ல தேயக் குடி" என்றார் அம்மா. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அன்று மாலை தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, சும்மா பத்து நிமிஷம்லா. உக்காந்துட்டு எழுந்துடறேன். வீடு உன் பேர்லதானே இருக்கு?" அவனிடம் கோபப்பட ஒன்றும் இல்லை, எப்போதும் இல்லை. அறையும் இப்படித்தான் அவனுக்கு வந்தது, கேட்காமலே. வேண்டாம் என்று சொல்லலாம் என்ற எண்ணம்தான் அவனுக்கு ஒரு தடவையும் வந்ததில்லை.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் ஐயர் வந்ததும் முதலில் கூரையைப் பார்த்தார். புகை எச்சரிக்கைக் கருவிக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டச் சொன்னார். அடுத்து செங்காங்கில் ஒரு வீடு இருக்கிறதாம், அவசரப்பட்டார். செங்கல்லை அடுக்கிவிட்டு, "எஜமானர் யாரு?" என்று கேட்டார்.

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். தம்பி என்னைப் பார்த்தான். அம்மா அவனைத் தோளில் தட்டி உட்கார வைத்தார். ஐயர் அவன் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டுச் சங்கல்பம் சொன்னார். கடன் என் பெயரில், சாவி என் பையில், மந்திரத்தில் என் தம்பியின் நட்சத்திரம். பட்டுச்சேலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி என் பக்கம் சாய்ந்து, "அக்கா, நான் எங்க வீட்டுக்குக் காய்ச்சும்போதே தீச்சுட்டேன். உங்களது என்னாகப் போவுதோ" என்று மெல்லச் சொன்னாள். சிரிப்பு வந்தது. ஆனாலும் நான் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டில் நான் சுவரோரம், என்னைப் பெற்றவர் அதற்கும் பின்னால், துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கம்.

மாமா, அம்மாவின் தம்பி, சோபாவிலிருந்து பொதுவாகச் சொன்னார்: "காலாகாலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா இந்தப் பேச்சே இல்ல. அரசாங்கமும் அப்பவே வீடு குடுத்திருக்கும், ஐயரும் ஒத்துக்கிட்டிருப்பாரு."

செய்தி என்ற முறையில் அதில் திருத்த ஒன்றுமில்லை. அரசாங்க அலுவலகமும் ஹோமக் குண்டமும் ஒரே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டிருக்கின்றன.

ஹோமம் முடிந்தது. தம்பி மனைவி பித்தளைப் பானையில் பால் ஊற்றி அடுப்பின் மேல் வைத்தாள். என் அடுப்பு இண்டக்‌ஷன் அடுப்பு. பித்தளை அதில் சூடேறாது. பானையை வைத்ததும் கீச் கீச் என்று கத்தி அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கினார்கள். மறுபடியும் கத்தியது. தம்பி பானையை நகர்த்தி வைத்துப் பார்த்தான். அம்மா தள்ளி நின்றபடியே, "பொட்டு வெச்சியா? பொட்டு வெச்சுட்டு வெய்யி" என்றார். பொட்டு வைத்தும் கத்தியது.

"இது ஸ்டீல் சட்டிக்குத்தான் வேலை செய்யும்" என்றேன். என் பழைய எஃகுச் சட்டி சமையலறை மேடையில்தான் இருந்தது. இத்தனை நாள் மாகி நூடல்ஸ் வேகவைத்த சட்டி.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மாமா எழுந்துவிட்டார். "கார்ல ஸ்டீம்போட் அடுப்பு இருக்கு. போன வாரம் கடற்கரைக்கு எடுத்துட்டுப் போனது, கேஸ் டின்னும் இருக்கு. ரெண்டு நிமிஷம்." அம்மா முகம் தெளிந்தது. "சீக்கிரம் கொண்டா, நல்ல நேரம் முடியப்போவுது." ஐயர் கைபேசியில் நேரம் பார்த்தார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

என் அடுப்பு இருக்கிறது. என் சட்டி இருக்கிறது. நான் இருக்கிறேன். இந்த மூன்றையும் தாண்டி, கடற்கரையில் இறாலும் மீன் உருண்டையும் வெந்த அடுப்பைக் கார் நிறுத்துமிடத்திலிருந்து கொண்டுவந்து என் கூடத்துத் தரையில் வைப்பது அவர்களுக்கு அதிக சுத்தமாகப் பட்டது. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவதற்கு முன் வாரக்கணக்கில் கடைகளில் ஒப்பிட்டுப் பார்த்தவள் நான். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாசலுக்குப் போய் நின்றேன். மாமா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கையில் அடுப்பு, அக்குளில் கேஸ் டின்.

"என்னம்மா, வழிய விடு. மாமாவ வெளிய நிக்க வெக்கிற?"

"மாமா வரலாம். அடுப்பு வேணாம்."

"என்னது?"

"அடுப்ப வெளிய வெச்சுட்டு வாங்க."

உள்ளேயிருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி குப்பை போட வந்தவர், அடுப்பையும் மாமாவின் பட்டு வேட்டியையும் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே போய்விட்டார். மாமா என் தலைக்கு மேல் எட்டி, "அக்கா, இவ என்ன சொல்றா பாரு" என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சின்ன வயதில் அறை கேட்டபோது நான் நினைத்தது கதவை மூடிக்கொண்டு உள்ளே இருப்பதை. கதவுக்கு வேறொரு உபயோகம் இருக்கிறது: என்ன உள்ளே வரலாம், என்ன வரக்கூடாது என்று அங்கே நின்று சொல்லலாம். இதுவரை அப்படிச் சொல்ல எனக்கு ஒரு வாசல் இருந்ததில்லை.

மாமா அடுப்பைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "உங்கப்பன் பிடிவாதம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

நேரே சமையலறைக்குப் போனேன். பித்தளைப் பானையிலிருந்த பாலை எஃகுச் சட்டிக்கு மாற்றினேன். தம்பி மனைவி நகர்ந்து இடம் விட்டாள். அதோடு நிற்காமல் சட்டியின் கைப்பிடியில் தன் கையால் மஞ்சள் தடவினாள். தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"ஐயரே, நீங்க சொல்லுங்க" என்றார் அம்மா.

ஐயர் பையை மூடிக்கொண்டிருந்தார். "சாஸ்திரம் தம்பதிங்கறது. நேரம் இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்குங்கறது. எதக் கேக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கோ."

நான் அடுப்பை அமுக்கினேன். இந்த முறை கத்தவில்லை. அந்த அடுப்பில் பால் வேகமாகக் காயும். எல்லோரும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரம் நுரைத்து, நடுவில் எழும்பி, கிழக்கா மேற்கா என்று யாரும் சொல்வதற்குள் நாலா பக்கமும் வழிந்தது. அடுப்பு தானாக அணைந்தது. ஒருவரும் குலவை போடவில்லை. "அக்கா, சக்கர எங்க வெச்சிருக்கீங்க?" என்று தம்பி மனைவி கேட்டாள். அந்த வீட்டைப் பற்றி அன்று என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

பாலை ஊற்றிக் கொடுத்தேன். ஐயர் ஒரு வாய் குடித்துவிட்டுச் செங்காங்குக்குக் கிளம்பினார். மாமா ஊதி ஊதிக் குடித்தார், சர்க்கரை போதவில்லை என்றார். முதலில் ஊற்றி அம்மாவுக்கென்று எடுத்துவைத்திருந்த டம்ளரோடு அவரைத் தேடினேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கம் இல்லை. கூடத்திலும் இல்லை.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

வீட்டுக்குள் என்ன கதவு, காற்று வரட்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். அப்பாவோடும் தம்பியோடும் பிறகு என்னோடும் ஒரே அறையில் திறந்த கதவுக்குள் தூங்கியவர். என் வீட்டில், என் அறையை, என்னை வெளியே விட்டுச் சாத்திய முதல் ஆள் அவர்தான். அவர் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏனென்றால் காலையிலிருந்து அந்த வீட்டில் உட்காரச் சொல்லப்படாதவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

தட்டினேன்.

"அம்மா. பாலு."

"வெய்யி. ஆறட்டும்."

கைப்பிடியைத் திருப்பித் தள்ளிப் பார்த்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். கடை கடையாக ஏறி நான் வாங்கிய தாழ்ப்பாள். கொஞ்சமும் அசையவில்லை.